பரணும் பட்டியலும்

ஒரு நிரல்தொகுப்பில் நிகழும் மாற்றங்களை வரிசையாகச் சேமித்து, வேண்டும்போது பழைய நிலையை மீட்டுத் தரும் மென்பொருளே பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் எனப்படுகிறது. திருத்திய கோப்பின் முந்தைய வடிவை அது மீட்பது எளிதில் விளங்கும். நீக்கிய கோப்பை மீட்பதும், பின்னாளில் சேர்ந்த கோப்பை விலக்குவதுமே அதன் அமைப்பைச் சோதிக்கும் இடங்கள்.

1986இல் டிக் கிரூன் தொடங்கிவைத்த சிவிஎஸ் என்னும் அத்தகைய மென்பொருள், ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு வைத்திருந்தது. ஆதலால் நீக்கத்தையும் ஒரு பதிப்பாகவே கொண்டு, அதற்கு ‘இறந்தது’ என்று குறியிட்டு, அந்த வரலாற்றைப் பரண் எனப் பொருள்படும் ‘ஆட்டிக்’ என்னும் உட்கோப்புறைக்கு நகர்த்தியது. பழைய தேதியின் நிலையைக் கேட்டால் பரணிலும் தேடியது.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலின் உருவாக்கத்துக்காக எழுதிய கிட், இச்சிக்கலை வேறு வகையில், மிக அழகாகவே, தீர்த்தது. ‘கமிட்’ எனப்படும் அதன் ஒவ்வொரு பதிவும் அந்நேரத்துக் கோப்புகளின் முழுப் பட்டியலைச் சுட்டும். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட 40 எழுத்து அடையாளம் இருக்கும். நீக்கம் என்று தனியே எதுவும் பதிவாவதில்லை. அடுத்த பட்டியலில் அப்பெயர் இடம்பெறாது, அவ்வளவே. உள்ளடக்கமோ பழைய பட்டியலின் பிடியில் களஞ்சியத்திலேயே கிடக்கும். கடவுச்சொல் அடங்கிய கோப்பை நீக்கிவிட்டால் அது ஒழிந்தது என்று எண்ணுவது இதனாலேயே ஆபத்தான பிழையாகும்.

பழைய கமிட் ஒன்றுக்கு முழுமையாகத் திரும்பும்போது, கிட் இப்போதைய பட்டியலையும் பழைய பட்டியலையும் ஒப்பிட்டு, பழையதில் மட்டும் உள்ளவற்றை எழுதி, இப்போதையதில் மட்டும் உள்ளவற்றை அழிக்கிறது. எந்தப் பட்டியலிலும் சேராத, பயனர் தன்போக்கில் வைத்திருக்கும் கோப்புகளைத் தொடுவதில்லை.

ஆனால் ஒரு கோப்புறையை மட்டும் பழைய நிலைக்குக் கொணர ‘செக்அவுட்’ கட்டளையைப் பயன்படுத்தினால், அது பழைய கோப்புகளை மேலே பரப்புவதோடு நின்றுவிட, பின்னர் சேர்ந்தவை அங்கேயே தங்கி, வரலாற்றில் என்றுமே இருந்திராத ஒரு கலவை உருவாகும். 2019இல் அறிமுகமான ‘ரெஸ்டோர்’ கட்டளை, மூலமாகக் காட்டப்பட்ட பழைய பட்டியலில் இல்லாத, பதிவுபெற்ற கோப்புகளை அழிப்பதையே தன் இயல்பாகக் கொண்டுள்ளது.