தராசு சொல்லும் மூச்சுக் கணக்கு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிறுத்தம், தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. டிபிக்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, முழு ஓய்வு, வயிறு நிறையச் சாப்பாடு, இவ்வளவுதான் அன்றைய வைத்தியம்.

அதற்கும் முன்பே நம் ஊர்க்காரர்கள் அந்த நோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருமலைவிட, ஆள் நாளுக்கு நாள் உருகிப்போவதுதான் அவர்கள் கண்ணில் முதலில் பட்டிருக்கிறது. நுரையீரல் நோய்க்கும் உடம்பின் எடைக்கும் உள்ள உறவை அந்த ஒரு சொல் பிடித்து வைத்திருக்கிறது. மருத்துவ உலகம் அதை நடுவில் கொஞ்ச காலம் மறந்திருந்தது. மறக்க வைத்ததும் சென்னைதான், நினைவுபடுத்தியதும் சென்னைதான்.

வீட்டிலேயே குணமாகும்

1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியினருக்கு வீட்டில் இருந்தபடியே மருந்து. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மட்டம், எடையும் அவ்வளவாக ஏறவில்லை. ஆனாலும் ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணம் தெரிந்தது.

1959-ல் வெளியான இந்த முடிவு உலகத்தின் டிபி வைத்தியத்தையே மாற்றியது. கட்டில் கிடைக்காத லட்சக்கணக்கானவர்களுக்கு அதனால் மருந்து கிடைத்தது. கூடவே, ‘மாத்திரை போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம்’ என்ற எண்ணமும் ஊறிப்போனது. மருந்து கிருமியைக் கொல்லுமா என்பதற்குத்தான் அந்த ஆய்வு பதில் சொன்னது. பசித்த வீட்டில் அடுத்து யார் படுப்பார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பட்டினி மூச்சை எப்படித் தொடுகிறது?

மூச்சு இழுப்பது தசையின் வேலை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி விரிந்திருக்கும் உதரவிதானம்தான் அதில் முக்கியம். சாப்பாடு குறைந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவு செய்யும். கை கால் மெலிவது கண்ணுக்குத் தெரியும், உதரவிதானம் மெலிவது தெரியாது. அது தளர்ந்தால் இருமலுக்கு வேகம் இருக்காது. சளி வெளியே வராமல் தங்கும். தங்கிய இடத்தில் நிமோனியாவுக்கு வசதி. இரும்புச்சத்தும் குறைந்தால் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனும் குறைந்து, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும்.

டிபி கிருமி உள்ளே போனவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்தத் தொற்று இருக்கலாம் என்பது கணக்கு. வாழ்நாளில் நோயாக வெடிப்பது அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களிடம் வெள்ளை அணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்திருக்கும். அந்தக் காவலுக்கும் கூலி உண்டு: புரதம், துத்தநாகம், வைட்டமின்கள். கூலி நின்றால் காவல் தளரும். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ ஓர் எண் குறைந்தால், டிபி வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் கூடுகிறது. நோய் வந்தபின் பசி போய்விடும், எடை இன்னும் இறங்கும். பசி நோயைக் கூப்பிட, நோய் பசியைக் கெடுக்க, சுற்று நிற்பதில்லை.

ஜார்க்கண்டில் ஒரு மளிகைப் பை

அறுபது ஆண்டு கழித்து, விட்டுப்போன கேள்வியை அதே சென்னை நிறுவனமும் மங்களூர் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் கையில் எடுத்தார்கள். 2019-ல் ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வு அது. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பால் பவுடர், எண்ணெய், அந்த ஊர் ‘சத்து’ எனும் வறுத்த கடலை மாவு ஆகியவை அடங்கிய பை, சுமார் பத்து கிலோ. பாதிப் பகுதிகளில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும்.

2023-ல் முடிவு வந்தது. அரிசி பருப்பு வாங்கிய வீட்டார்க்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. பரிசோதனையில் உறுதியான நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீத எடை ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த, 150 சென்டிமீட்டர் உயரப் பெண் ஒருவர் 36 கிலோவில் வருகிறார் என்று வையுங்கள். அவருடைய பிஎம்ஐ 16. அவருக்கு அந்த 5 சதவீதம் என்பது ஒரு கிலோ எண்ணூறு கிராம்.

எடை மெஷினில் ஏறுங்கள்

தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. டிபி என்று தெரிந்ததும் சுகாதாரப் பணியாளரே உயரம், எடை பார்க்கிறார். காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார். இவற்றில் மோசமாக இருப்பவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பிஎம்ஐ 14-ஐத் தொட்டாலே ஆபத்துக் கட்டம். அந்த 150 சென்டிமீட்டர் பெண்ணுக்கு அது முப்பத்தொன்றரை கிலோ.

மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். பணம் நோயாளியின் கணக்கில் ஏறும். ஆனால், வீட்டில் உலை ஒன்றுதானே? ஒருவர் பேருக்கு வந்த பருப்பு நாலு தட்டில் விழும். அம்மா நோயாளியாக இருந்தால் முட்டை பிள்ளையின் தட்டுக்குப் போகும், அவர் கடைசியாக உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவார். அதைத் திருட்டு என்று யார் சொல்வது? ஜார்க்கண்டில் வீட்டார்க்கும் சேர்த்து அளந்தபோதுதான் அடுத்த ஆள் படுப்பது குறைந்தது. நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதும்போது, அந்த வீட்டுப் பானைக்கும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.