இ-லேர்னிங் வெற்றி பெற என்ன தேவை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலரும் சொல்லும் முதல் காரணம், “பிள்ளைகள் படிப்புக்காக” என்பதுதான். வாங்கி வைத்து, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துவிட்டால் பிள்ளை தானாகப் படித்துவிடும் என்று எண்ணுகிறோம். ஆனால் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரக்கூடிய இணையவழிப் பாடங்களில், சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவர் முடிப்பதே அரிது. நானும் இரண்டு முறை பாதியில் விட்டவன். எது இருந்தால் இ-லேர்னிங் வெற்றி பெறும் என்பதை என் அனுபவத்தோடு இங்கு காணலாம்.

பாடங்களுக்குப் பஞ்சமில்லை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக 2001-ல் அறிவித்தது. அதே ஆண்டில் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று இதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. மத்திய அரசின் ஸ்வயம் 2017-லும், தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-லும் வந்தன. எனவே பாடம் கிடைக்காமல் யாரும் தோற்பதில்லை. காரணம் வேறு.

1. கருவி யார் கையில் இருக்கிறது?

2020-ல் ஊரடங்கு வந்தபோது, போடிநாயக்கனூர் அருகே சிலமலையில் உள்ள எங்கள் வீட்டில் இருந்தபடி வேலை பார்த்தேன். சித்தப்பா மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. காலை பத்து மணிக்குப் போனில் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் சித்தப்பாவுடையது. ஏலத்தோட்டங்களுக்குப் போக மீண்டும் அனுமதி கிடைத்ததும், அவர் விடியும் முன்பே ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக மலைக்குப் போய்விடுவார். போனும் கூடவே போய்விடும்.

“அண்ணே, நான் எப்படிண்ணே கிளாஸ் பாக்குறது?” என்று கேட்டாள். நான் பிளஸ் டூ படித்தபோது அரசு தந்த இலவச லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களை, சித்தப்பா இரவு வீடு திரும்பியதும் யு.எஸ்.பி. கேபிள் மூலம் அதில் காப்பி செய்தோம். மறுநாள் பகலில் அவள் பார்த்தாள். படிக்கும் நேரத்தில் கருவி மாணவர் கையில் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் பயன்படாது.

2. டேட்டா கணக்கு

ஒரு வீடியோ விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்திற்கு 3,600 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 450 மெகாபைட் செலவாகும். தினமும் மூன்று மணி நேரம் பார்த்தால் 1.35 ஜிபி. வீடியோவின் தரத்தைக் குறைத்தால் இந்தச் செலவும் குறையும். கரும்பலகை எழுத்து தெளிவாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் போதும். மலையடிவாரத்தில் சிக்னல் வந்து வந்து போகும். அத்தகைய ஊர்களில் நேரடி வகுப்பைவிட டவுன்லோட் செய்து பார்ப்பதே நல்லது.

3. பாடம் சிறியதாக இருக்க வேண்டும்

எட்எக்ஸ் தளத்தில் மாணவர்கள் வீடியோக்களைப் பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆறு நிமிடத்துக்குக் குறைவான வீடியோக்களைத்தான் மாணவர்கள் அதிக ஈடுபாட்டுடன் பார்த்தனர். உங்கள் பாடம் ஒரு மணி நேரம் ஓடினால், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி நோட்டில் எழுதச் செய்திடுங்கள்.

4. பார்ப்பது படிப்பு ஆகாது

தங்கை ஆயத்தொலை வடிவியல் வீடியோவைப் பார்த்துவிட்டு, “புரிஞ்சிருச்சுண்ணே” என்றாள். மறுநாள் ஒரு கணக்கு கொடுத்தேன். பேனா நகரவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. பார்க்கும்போது புரிவது போலவே இருக்கும்.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துக் காட்டினர. ஒரு பகுதியை மாணவர்கள் படித்தனர். பிறகு சிலர் அதையே மறுபடி படித்தனர். சிலர் பார்க்காமல் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, அவர்கள் நினைவில் 42 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 56 சதவீதமும் இருந்தன. அதன் பின் எங்கள் வீட்டில் ஒரு விதி வந்தது: ஒரு வீடியோ பார்த்தால், லேப்டாப்பை மூடிவிட்டு மூன்று கணக்கு போட வேண்டும்.

5. கெடுவும், கேட்க ஓர் ஆளும்

கல்லூரியில் நான் தனியாகச் சேர்ந்த இரண்டு என்.பி.டி.இ.எல். பாடங்களும் மூன்றாவது வாரத்தில் நின்றன. மூன்றாவது முறை விடுதி நண்பர்கள் நால்வர் சேர்ந்து பதிவு செய்தோம். அதில் வாரந்தோறும் பயிற்சிக்குக் கடைசி நாள் உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண். தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. கெடு நெருங்கும்போது ஒருவன் நினைவூட்டுவான், ஒருவன் விளக்குவான். நால்வரும் முடித்தோம்.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அவனுக்கென்றே புதுப் போன் வாங்கித் தந்தார்கள். சிக்னலும் நன்றாகவே கிடைத்தது. ஆனால் என்ன படித்தாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. எல்லோரும் தோட்ட வேலையில் இருந்தனர். சில மாதங்களில் அவனும் ஜீப் ஏறிவிட்டான். பள்ளி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை. அவனைவிட என் தங்கை கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். கேட்க ஓர் அண்ணன் வீட்டில் இருந்தான், அவ்வளவுதான். 2022-ல் பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் 72 மதிப்பெண் எடுத்தாள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கம்ப்யூட்டரை எல்லோரும் நடமாடும் அறையில் வையுங்கள்.
• ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு போல்டர் உருவாக்கி, வீடியோக்களுக்கு வரிசை எண் கொடுத்துச் சேமித்திடுங்கள்.
• தினமும் ஒரே நேரத்தை ஒதுக்குங்கள். பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.
• ஒரே நேரத்தில் ஒரு பாடத்தில் மட்டும் சேருங்கள்.
• இரவில் ஐந்து நிமிடம், “இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்” என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சித்திக்குக் கணக்கு தெரியாது. தங்கை விளக்குவதைக் கேட்டுக்கொண்டே அவர் இரவுச் சமையலை முடிப்பார்.