விழித்திரை இரத்த நாள அடைப்பு: கண் படங்கள் எதற்காக?

விழித்திரையின் இரத்த நாளம் அடைபடும்போது பெரும்பாலும் கண் வலிப்பதில்லை, சிவப்பதும் இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கியிருப்பதை உணர்ந்தே பலர் வருகின்றனர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து எங்கள் விழித்திரைப் பிரிவுக்கு வருவோர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கின்றனர்: "விளக்கு வைத்துப் பார்த்தே அடைப்பு என்று சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்கு இத்தனை படங்கள்?" நியாயமான இக்கேள்விக்கான விடையை இங்கே விளக்குகிறோம்.

கண்ணுக்குள் என்ன நிகழ்கிறது?

வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைப் போன்றது தமனி. நீரை வெளியேற்றும் வடிகாலைப் போன்றது சிரை. விழித்திரையில் மிகுதியாகக் காணப்படுவது சிரை அடைப்பே. வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவதுபோல், இரத்தமும் நீரும் விழித்திரையில் கசிந்து தேங்குகின்றன. உயர் இரத்த அழுத்தத்தால் தடித்த தமனி, தன்னைக் குறுக்கே கடக்கும் சிரையை அழுத்துவதால் இவ்வடைப்பு ஏற்படுவது உண்டு. நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, கண் நீர் அழுத்த நோய் ஆகியவையும் இதற்குத் துணைபோகின்றன.

தமனி அடைப்பு வேறு வகை. ஒரு கண்ணின் பார்வை வலியின்றித் திடீரென இருண்டுவிட்டால், அது கண்ணில் நேர்ந்த பக்கவாதமாக இருக்கலாம். சில மணி நேரத்தில் விழித்திரையின் உயிரணுக்கள் மடிந்துவிடும். படம் எடுக்க நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். விழுப்புரம் பகுதியினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

எந்தப் படம் எதைக் காட்டும்?

விழித்திரைப் புகைப்படம்: இரத்தக் கசிவு எங்கே, எவ்வளவு என்பதைப் பதிவு செய்கிறது. அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க இதுவே அடிப்படை.

ஓசிடி ஸ்கேன்: 1991-இல் அறிமுகமான இம்முறை ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் காட்டுகிறது. எக்ஸ்ரே கதிர் இல்லை, வலியும் இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பார்வை மையத்தின் நடுப்பகுதி இயல்பாகச் சுமார் 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர் தடிப்புடையது. நீர் தேங்கினால் அது இருமடங்காவதும் உண்டு.

மஞ்சள் சாய ஆஞ்சியோகிராம்: பெயரைக் கேட்டதும் இதய ஆஞ்சியோகிராம் என்று அஞ்சுவோர் உள்ளனர். இதில் குழாய் எதையும் உடலுக்குள் செலுத்துவதில்லை. கை நரம்பில் ஃபுளோரசின் என்னும் சாயத்தை ஊசி வழியே செலுத்துகிறோம். 10 முதல் 15 வினாடிகளில் அது கண்ணை அடைகிறது. கசியும் இடங்கள் பளிச்சென்றும், இரத்தம் எட்டாத இடங்கள் கருமையாகவும் தெரியும். அமெரிக்காவில் நோவோட்னி, ஆல்விஸ் என்னும் இருவர் இம்முறையை 1961-இல் வெளியிட்டனர். அவர்கள் முதலில் படமெடுத்தது ஆல்விஸின் கண்ணையே. சாயம் செலுத்தியதும் சிலருக்குச் சற்றே குமட்டும். தோல் சில மணி நேரமும், சிறுநீர் ஏறத்தாழ ஒரு நாளும் மஞ்சளாக இருக்கும். இதைக் கண்டு மஞ்சள் காமாலை என்று அஞ்ச வேண்டாம். கடும் ஒவ்வாமை அரிது. எனினும் அதற்கான மருந்துகளை அருகில் வைத்தே இச்சோதனை செய்யப்படுகிறது.

ஓசிடி ஆஞ்சியோகிராம்: சாயமின்றியே நுண்ணிய நாளங்களைக் காட்டும். ஆனால் கசிவைக் காட்டாது என்பதால், சிலருக்குச் சாயச் சோதனையும் தேவைப்படுகிறது.

படங்கள் தீர்மானிப்பவை

எழுத்துப் பலகையில் ஒரே வரியைப் படிக்கும் இருவரின் படங்கள் வெவ்வேறாக இருக்கலாம். ஒருவருக்கு நீர்த் தேக்கம் மட்டும் இருக்கும். கண்ணுக்குள் போடும் ஊசிகளால் அது வடியும். மற்றவருக்கு விழித்திரையின் பெரும்பகுதிக்கு இரத்தமே எட்டாதிருக்கும். அத்தகைய கண்ணில் வலுவற்ற புதிய நாளங்கள் முளைத்து, கண்ணின் அழுத்தத்தைக் கடுமையாக உயர்த்திவிடக்கூடும். இந்நிலை பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தோன்றுவதால் மருத்துவர்கள் இதை 'நூறு நாள் கண் அழுத்த நோய்' என்றும் குறிப்பிடுவர். உரிய காலத்தில் கண்டறிந்தால் லேசர் சிகிச்சையால் கண்ணைக் காக்க முயலலாம். தவறவிட்டால் பார்வை முழுவதும் போவதோடு தாங்க முடியாத வலியும் வரலாம்.

இங்குதான் எங்கள் கவலை. முதல் ஊசியில் பார்வை தெளிந்ததும் பலர் மறுபரிசோதனைக்கு வருவதில்லை. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் எளியவை அல்ல என்பதை அறிவோம். ஆயினும் நீர் மீண்டும் தேங்குவதை, நீங்கள் உணரும் முன்பே ஓசிடி காட்டிவிடும். வர இயலாத நாளை முன்கூட்டியே தெரிவித்தால் வேறு நாள் குறித்துத் தருவோம்.

சோதனைக்கு வரும் நாளில்

• கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். இருசக்கர வாகனம் ஓட்டி வராதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.
• இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். எளிய உணவு உண்டு வாருங்கள்.
• ஒவ்வாமை, ஆஸ்துமா, சிறுநீரக நோய், கருவுற்றிருத்தல், பாலூட்டுதல் ஆகியவற்றைச் சாயம் செலுத்தும் முன் கூறுங்கள்.
• புதுச்சேரி ஜிப்மர், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா என எங்கு எடுத்த படமாயினும் கொண்டு வாருங்கள். பழைய படம் இருந்தால்தான் மாற்றம் தெரியும்.

உடனிருந்து பேணுவோருக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை அவர்களது ஒரு கண்ணை மூடச் செய்து, சுவரிலுள்ள நாட்காட்டியை மற்றொரு கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். பின்பு கண்ணை மாற்றுங்கள். எழுத்து மங்கினாலோ கோடு வளைந்து தெரிந்தாலோ, குறித்த நாள் வரும்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றை நாள் தவறாமல் உட்கொள்வது, நலமாக உள்ள மற்றொரு கண்ணையும் காக்கத் துணைபுரியும்.