திருச்சியிலிருந்து பலாலிக்கு: தூரமும் நேரமும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி விமான நிலையத்திற்கும் இடையே 2025 மார்ச் இறுதியில் நேர் விமானப் போக்குவரத்து தொடங்கியது. அதுமுதல் "எவ்வளவு தூரம்? எத்தனை நேரம்?" என்று அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். சேலையோ விளைபொருளோ அக்கரைக்கு அனுப்ப எண்ணுவோர்க்கு இது வீண் கேள்வி அன்று.

பூமியின்மீது வரையப்படும் தீர்க்கரேகைகளைப் பாவாகவும் அட்சரேகைகளை ஊடையாகவும் கொள்வோம். இரு நிலையங்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள இடைவெளி ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. அது சுமார் 108 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 1 பாகை 22 கலை. அது சுமார் 149 கிலோமீட்டர். இவற்றைச் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து மூன்றாவதைக் கணக்கிட்டால் 184 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 114 மைல் கிடைக்கிறது. விந்தை யாதெனில், திருச்சி நிலையத்திற்கு மேற்கே கோயம்புத்தூர் விமான நிலையமும் ஏறக்குறைய இதே தூரத்தில்தான் இருக்கிறது. நாம் அடிக்கடி போய்வரும் ஊர் அருகிலும், கடல் கடந்த ஊர் தொலைவிலும் இருப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது.

இம்மார்க்கத்திற்கு ஏற்ற ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வல்லது. அவ்வேகத்தில் 184 கிலோமீட்டரைக் கடக்க 22 நிமிஷம் போதும். ஆயினும் பிரயாணத்திற்கு ஒரு மணி நேரம் என்றே கணக்கு வைக்கின்றனர். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், உயர ஏறவும், இறங்கும் முறைக்குக் காத்திருக்கவும் நேரம் வேண்டும். குறுகிய பயணத்தில் முழு வேகத்துடன் பறப்பது சில நிமிஷங்களே. இரு நாட்டுக் கடிகாரங்களும் 2006 ஏப்ரல் முதல் ஒரே மணியைக் காட்டுவதால், அதில் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதில்லை.

இனி வீட்டு வாசலிலிருந்து எண்ணுவோம். உறையூரிலிருந்து விமான நிலையத்திற்கு அரை மணி. வெளிநாட்டுப் பயணம் ஆதலால் மூன்று மணி முன்னதாகவே அங்கிருத்தல் நலம். பறக்க ஒரு மணி. பலாலியில் பாஸ்போர்ட், சுங்கச் சோதனைகளுக்கு முக்கால் மணி. அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்குச் சுமார் 16 கிலோமீட்டர். அதற்கு அரை மணி. ஆக, ஆறு மணிக்குச் சற்றுக் குறைவு. கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் செல்வோரும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செலவிடுகின்றனர் அல்லவா?

இம்மார்க்கம் முற்றிலும் புதியதன்று. 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்கு வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் அறுந்துபோன இத்தொடர்பு, 2019இல் சென்னையிலிருந்து மீண்டது.

சரக்கின் கணக்கு வேறு. விற்பனைக்கான சேலைகளைப் பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டு செல்லலாம் என்று சிலர் நினைக்கின்றனர், அது சரியன்று. வியாபாரச் சரக்குக்கு ஏற்றுமதியாளர் பதிவு எண்ணும் சுங்கப் பத்திரமும் வேண்டும். காய்கறி, பூ முதலியவற்றிற்குத் தாவரநலச் சான்றிதழும், அக்கரையில் இறக்குமதி செய்வோர் பெற வேண்டிய அனுமதியும் சேரும். இவை நாட்கணக்கில் காலம் பிடிப்பவை. பூவோ அத்தனை நாள் காத்திராது. மேலும் சிறு விமானத்தின் சரக்கறை குறுகியது. பயணிகளின் பெட்டிகள் போக எஞ்சும் இடமே சரக்குக்குக் கிட்டும். ஆகவே கட்டுகளின் எடையையும் அளவையும் முன்கூட்டியே தெரிவித்து, இடம் உண்டு என்று உறுதி பெற்ற பிறகே பூப்பறிக்க ஆள் சொல்லுதல் வேண்டும்.