கைப்பேசியின் ஒலியை உயர்த்தலாமா?

தோட்டப்புறங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளி உதவிநிதி ஆகியவை பற்றியே அன்பர்கள் மிகுதியும் வினவுவது வழக்கம். அண்மைக் காலமாகக் கைப்பேசியைப் பற்றிய ஐயங்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. "ஐயா, புதுப் போன்தான். ஆனால் சத்தமே போதவில்லை. உள்ளே எதையோ மாற்றினால் சத்தம் கூடுமாமே?" என்று ஒரு தோட்டத்தில் நடுவயது அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். எழுபது வயதைக் கடந்த அவருடைய தந்தையார் பல்லாண்டுகள் தோட்டத்து ஆலையில் ரப்பர்ப் பால்கட்டிகளை உருளைகளில் ஓட்டியவர். ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் பேத்தி ஞாயிறுதோறும் அழைப்பாள். அவள் பேசுவது தாத்தாவுக்குக் கேட்பதில்லை. "என்ன, என்ன?" என்று நான்கு முறை கேட்டுவிட்டுக் கருவியை மகனிடம் கொடுத்துவிடுவாராம். வீட்டிலிருந்த இளைஞர் ஒருவர் தாமே முயன்று கைப்பேசியின் உள்ளமைப்பை மாற்றியிருக்கிறார். இரண்டு வாரம் உரக்கக் கேட்டது. பிறகு கிழிந்த தகரத்தைத் தட்டுவதுபோல் கரகரக்கத் தொடங்கிவிட்டது.

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. மின்னல் பண்பலை கேட்பதும், ஊரிலுள்ள உறவினரோடு பேசுவதும், பிள்ளைகள் பாடம் பார்ப்பதும் இன்று ஒரே கருவியில்தான் நடைபெறுகின்றன. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில், சத்தம் குறைந்துவிட்டது என்று சொல்லப்படும் கைப்பேசிகளில் பல உண்மையில் பழுதடைந்தவை அல்ல என்பதை அறிதல் வேண்டும். கைப்பேசியின் அடியிலுள்ள சிறு துளைகளே ஒலி வெளிவரும் வாயில். வியர்வையும் தூசியும் சேர்ந்து அத்துளைகளை மூடிவிடுகின்றன. பால் வெட்டும் வேளையில் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியாயின், உலர்ந்த பால் துணுக்கும் உடன் சேரும். ஈரமற்ற மென்மையான பல் துலக்கியால் துளைகளை மெல்லத் துடைத்தாலே ஒலி தெளிவதுண்டு. ஊசியால் குத்துதல் கூடாது. துளைக்குப் பின்னால் மெல்லிய வலையும் அதனுள் ஒலிபெருக்கியின் சவ்வும் உள்ளன. திரைக்கு ஒட்டும் கண்ணாடி மேலேயுள்ள செவித்துளையை மறைத்திருந்தாலும் அழைப்பின் குரல் மங்கும். இயர்போன் எனப்படும் காதொலிப்பானின் வலையில் காதுக் குரும்பி அடைத்துக்கொள்வதும் அவ்வாறே.

அடுத்தது, கைப்பேசியில் ஒலியளவு ஒன்றல்ல, பல. மணியோசைக்கு ஒன்று, பாட்டுக்கும் படத்துக்கும் ஒன்று, அழைப்புக்கு ஒன்று, எழுப்பு மணிக்கு ஒன்று எனத் தனித்தனியே உள்ளன. பாட்டின் ஒலியை உச்சத்தில் வைத்தவர் அழைப்பின் ஒலியும் உயர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் பெரும்பாலான கருவிகளில் அழைப்பின் அளவு உயரும்.

இனி, அமைப்புகள் பகுதிக்கு வருவோம். ஆங்கிலத்தில் செட்டிங்ஸ் என்றும் மலாயில் தெத்தாப்பான் என்றும் திரையில் காணப்படும் பகுதி அது. அதில் ஒலி என்னும் பிரிவில் சில கைப்பேசிகளில் மீடியா வால்யூம் லிமிட் என ஒரு வரம்பு இருக்கும். பிள்ளைகளின் காதைக் காக்கப் பெற்றோர் இட்ட வரம்பு பின்னர் மறக்கப்பட்டுக் கிடப்பதும் உண்டு. ஐபோனில் ஹெட்போன் சேஃப்டி என்னும் தலைப்பின்கீழ் இதையொத்த ஏற்பாடு உள்ளது. அணுகல் வசதி, அதாவது எக்செசிபிலிட்டி என்னும் பிரிவில் இடக்காது, வலக்காது சமநிலையைக் காட்டும் கோடு ஒன்று இருக்கும். விரல் பட்டு அது ஒருபுறம் சாய்ந்திருந்தால் ஒரு காதில் ஒலி அறவே இராது. ஒரு காது மட்டும் கேட்பவர்கள் அங்கேயே மோனோ என்பதை இயக்கினால் இரு பக்கத்து ஒலியும் ஒன்றாகக் கலந்து அக்காதுக்கு வரும். இது செலவில்லாத நல்ல உதவி. பலர் இதனை அறியார்.

கம்பியில்லாப் புளூடூத் காதொலிப்பானில் மட்டும் ஒலி குறைந்தால் காரணம் வேறு. கைப்பேசியின் அளவையும் காதொலிப்பானின் அளவையும் ஆண்ட்ராய்டு ஒன்றாகப் பிணைத்து வைக்கிறது. சில கருவிகளில் இப்பிணைப்பு ஒத்துப்போவதில்லை. கைப்பேசியைப் பற்றிய விவரப் பகுதியில் பில்டு நம்பர் என்பதை ஏழுமுறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்னும் மறைபகுதி திறக்கும். அதில் டிசேபிள் அப்சொலூட் வால்யூம் என்பதை இயக்கினால் பிணைப்பு அறுந்து இரண்டையும் தனித்தனியே உயர்த்தலாம். அப்பகுதியில் உள்ள மற்றவற்றில் கை வைக்காதிருப்பதே நன்று.

இவற்றினும் பயன்மிக்கது ஈக்குவலைசர் எனப்படும் ஒலிச் சமன்கருவி. கைப்பேசியின் ஒலிபெருக்கி கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரியது. மேளத்தின் அடிநாதம் போன்ற தாழ்ந்த ஒலியை எழுப்ப அதனால் இயலாது. இயலாதிருந்தும் அதற்காக வீணே பாடுபடும். சமன்கருவியில் தாழ்ந்த ஒலிக்குரிய கோடுகளை இறக்கி, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கோடுகளைச் சற்று ஏற்றினால், மொத்த ஆற்றல் கூடாமலே பேச்சு எடுப்பாகக் கேட்கும். சொற்களை வேறுபடுத்திக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகளுக்கு அப்பகுதியே முதன்மையானது. ஆயினும் பல கைப்பேசிகளில் இது பாட்டுக்கும் படத்துக்கும் மட்டுமே பொருந்தும், அழைப்புக்குப் பொருந்தாது.

இனி அந்த இளைஞர் செய்த காரியம் யாதெனக் காண்போம். மீடியாடெக் சில்லு பொருத்தப்பட்ட பழைய கைப்பேசிகள் பலவற்றில் *#*#3646633#*#* என அழுத்தினால் பொறியாளர்க்கான மறைபகுதி திறக்கும். அவ்வெண்களுக்குரிய ஆங்கில எழுத்துகளைக் கூட்டினால் என்ஜ்மோட் என்னும் சொல் வரும். அங்கே காதொலிப்பானுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒவ்வொரு படியிலும் எத்தனை அளவு என எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவற்றை உயர்த்தலாம். புதிய கைப்பேசிகள் பலவற்றில் இவ்வழி மூடப்பட்டுவிட்டது.

குவால்காம் சில்லு கொண்ட கைப்பேசிகளில் மிக்சர் பாத்ஸ் என்ற பெயருடைய கோப்பு ஒன்று உள்ளமைப்பில் இருக்கும். அதில் ஒலிப்பாதை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவற்றுள் பலவற்றில் 84 என்னும் எண்ணைக் காணலாம். அது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்னும் நடுநிலையாகும். ஒவ்வோர் எண்ணும் ஒரு டெசிபல். 84ஐ 88 ஆக்கினால் 4 டெசிபல் கூடும். 94 ஆக்கினால் 10 டெசிபல் கூடும். பார்ப்பதற்கு எத்துணை எளிது!

ஆனால் டெசிபல் கணக்கு நம் சந்தைக் கணக்கைப் போன்றதன்று. 3 டெசிபல் கூடினால் ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்னாற்றல் ஏறத்தாழ இருமடங்காகிறது. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகிறது. நம் காதுக்கோ அந்தப் பத்து மடங்கும் ஏறக்குறைய இருமடங்கு உரப்பாக மட்டுமே தோன்றும். காது இருமடங்கு கேட்க, அச்சிறு ஒலிபெருக்கி பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அதனுள் முடியளவு மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று சவ்வோடு ஒட்டி நின்று அதிர்கிறது. ஆற்றல் மிகும்போது சுருள் சூடேறுகிறது, சவ்வு தன் எல்லை தாண்டி முட்டுகிறது. அந்தத் தகர ஓசை அவ்வாறு பிறந்ததுதான். தயாரிப்பாளர்கள் இட்ட வரம்பு கஞ்சத்தனத்தால் வந்ததன்று. இக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில் சுருளின் சூட்டைக் கணித்து ஆற்றலைத் தாமே மட்டுப்படுத்தும் சில்லும் உள்ளது.

மற்றொன்றும் உண்டு. மங்கு கொள்ளும் அளவுக்குமேல் பால் ஊற்றினால் வழிந்துதான் போகும். எண்களாகப் பதியப்பட்ட பாட்டுக்கும் அத்தகைய விளிம்பு உண்டு. இன்றைய திரைப்பாடல்கள் அவ்விளிம்பைத் தொடும்படியே பதிவாகின்றன. அதற்குமேல் ஏற்றினால் ஒலி அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகும். உரப்பு கூடியதாகத் தோன்றினும் சொல் சிதையும்.

இக்கோப்பை மாற்ற வேண்டுமானால் கைப்பேசியின் முழு அதிகாரத்தையும், அதாவது ரூட் என்பதையும் பெறவேண்டும். பெற்றால் உத்தரவாதம் போகலாம். வங்கிச் செயலிகள் பல அத்தகைய கருவியில் திறக்க மறுக்கும். கோப்பில் ஒரு குறியைத் தவறவிட்டால் ஒலியே அற்றுப்போகலாம், கைப்பேசி விழிக்காமலும் கிடக்கலாம். ஆகவே பழைய கைப்பேசி ஒன்று சும்மா கிடந்து, மூலக்கோப்பின் படியையும் எடுத்து வைத்துக்கொண்டு, காதொலிப்பானுக்கு மட்டும் இரண்டு மூன்று எண் ஏற்றிப் பார்க்கும் இளைஞரை நாம் தடுக்க மாட்டோம். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியில், சம்பளம் வந்து சேரும் கைப்பேசியில், இது வேண்டா.

ஒலியைப் பன்மடங்கு பெருக்குவோம் என்று விளம்பரம் செய்யும் செயலிகள் ஒலியை மேற்சொன்ன விளிம்புக்கு அப்பால் தள்ளுவதேயன்றி வேறொன்றும் செய்வதில்லை. அவற்றை ஏபிகே கோப்பாக வாட்ஸ்அப் வழி எவரேனும் அனுப்பினால் திறக்கவே கூடாது. குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை வாங்கி வங்கிப் பணத்தைத் திருடும் கோப்புகள் அவ்வழியே நம் நாட்டில் பரவியிருக்கின்றன. பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே 997க்கு அழைத்தல் வேண்டும்.

கருவியைப் பற்றி இத்துணை சொன்னோம். காதைப் பற்றிச் சொல்லவில்லை. கருவி கெட்டால் பட்டணத்துக் கடையில் வேறு வாங்கலாம். உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் வெளியிட்ட தரவரையறையின்படி, பெரியவர் ஒருவர் 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 எனில் 20 மணி, 86 எனில் 10 மணி. விடியலில் நெற்றி விளக்கோடு நிரைக்குள் புகுந்து ஐந்து மணி நேரம் காதில் பாட்டோடு மரம் வெட்டுபவரை எண்ணிப் பாருங்கள். 80இல் வைத்தால் வாரத்தில் ஆறு நாளும் கேட்டாலும் 30 மணிதான் ஆகிறது. உள்ளமைப்பை மாற்றி 6 டெசிபல் ஏற்றிவிட்டால் திங்கள், செவ்வாய் இரு காலைகளிலேயே வாரத்தின் பங்கு தீர்ந்துபோகும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் காதொலிப்பானின் ஒலியை உயர்த்தும்போது எச்சரிக்கை காட்டுவது இதனால்தான். அதனைத் தொல்லையென எண்ணித் தள்ளிவிடுகிறோம். இருட்டில் இரு காதையும் அடைத்துக்கொண்டால் காட்டுப்பன்றி வருவதும் கிளை முறிவதும் தெரியாது என்பதை வெட்டுக்குப் போகிறவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் அந்தப் பெரியவரிடம் வருவோம். "குரல் கேட்கிறது, பேச்சுத்தான் விளங்கவில்லை" என்று அவர் நம்மிடம் சொன்னார். இயந்திர இரைச்சலில் ஆண்டுக்கணக்காய் நின்றவர்கள் பலரும் சொல்வது அது. இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளைத்தான். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். அத்தகைய காதுக்கு எல்லா ஒலியையும் ஒருசேர உயர்த்துவது இரைச்சலையே பெருக்கும். 2019ஆம் ஆண்டு ஜூன் முதல் நடப்பிலிருக்கும் இரைச்சல் விதிமுறைகளின்படி ஒரு நாளின் சராசரி 85 டெசிபலைத் தாண்டும் வேலையிடத்தில் தொழிலாளரைக் காப்பது முதலாளியின் பொறுப்பு. அவர் உருளை ஓட்டிய நாளில் காதுக்குப் பஞ்சுகூடக் கிடைத்ததில்லையாம்.

அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துச் செல்லுமாறு மகனிடம் கூறினோம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. வலக்காதில் குரும்பி கல்லாக இறுகியிருந்ததைக் கண்டு அதனை எடுத்தார்கள். கேள்விச் சோதனைக்காக மருத்துவமனைக்கும் கடிதம் கொடுத்தார்கள். இரைச்சலால் வந்த செவிக்குறை சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பதால், ஆலையில் வேலை செய்த ஆண்டுகளின் சான்றுகளையும் சோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்கலாம் என்பதையும் தெரிவித்தோம்.

கரகரத்த ஒலிபெருக்கியைப் பட்டணத்துக் கடையில் மாற்றிவிட்டார்கள். இளைஞர் தம்மிடம் படியெடுத்து வைத்திருந்த மூலக்கோப்பைத் திரும்ப இட்டுவிட்டார். இப்போது பெரியவர் வலக்காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, பேத்தியை மெதுவாகப் பேசச் சொல்லி, அரைமணி நேரம் மகனிடம் கொடுக்காமலே பேசுகிறாராம்.