அக்காவின் ஆறு பவுனும் நண்பனின் ஐந்து தொழில்களும்

திருச்சியில் 1987-ல் பிளஸ் டூ எழுதிவிட்டு வெளியே வந்த எங்கள் செட்டில், நல்ல மார்க் வாங்கியவன் கல்லூரிக்குப் போனான். ஐ.டி.ஐ. முடித்து பெல்லிலோ பொன்மலை ரயில்வே பணிமனையிலோ அப்ரண்டிஸாக நுழைய முடிந்தவன் நுழைந்துகொண்டான். மற்ற அத்தனை பேருக்கும் காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பகலில் கல் பட்டறை. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து வைத்துவிட்டு, கார்டு வரும் என்று தபால்காரரை எதிர்பார்த்திருந்தார்கள்.

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்ய நிமிடத்துக்கு 45 வார்த்தை அடிக்க வேண்டும். அதை அடித்தவர்களில் சிலர் குரூப் 4 எழுதி அரசு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை, பென்ஷன் உண்டு. நான் எழுத வந்தது கல் பட்டறைக்குப் போனவர்களைப் பற்றி. குறிப்பாக ஒரு நண்பனையும் அவனுடைய அக்காவையும் பற்றி. பெயர் போடாதே என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை.

உறையூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் அப்போது செயற்கை வைரம் பட்டை தீட்டும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. குச்சி முனையில் அரக்கை உருக்கி, அதில் மிளகைவிடச் சின்னக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். கோணம் துளி பிசகினாலும் அந்தக் கல் கணக்கில் வராது. கூலி கல்லுக்கு இவ்வளவு என்றுதான். பட்டறையில் நான்கு வருடம் குனிந்து உட்கார்ந்தவனுக்குக் கண் எரிச்சலும் கழுத்து வலியும் மிஞ்சின. பிற்பாடு இயந்திரத்தில் பட்டை தீட்டிய சீனக் கற்கள் வந்திறங்கியதும் பட்டறைகள் வரிசையாகப் பூட்டப்பட்டன. இவன் அதற்கு முன்பே, 1991-ல், எஸ்.டி.டி. பூத் வைக்கலாம் என்று முடிவு செய்தான்.

பணத்துக்கு எங்கே போவது? அவன் பத்தாவது படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அக்கா எட்டாவதோடு பள்ளியை விட்டு, ரவிக்கை தைத்தும் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தும் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கென்று அப்பா சேர்த்து வைத்துப் போன ஆறு பவுன் இருந்தது. இரட்டை வடச் சங்கிலியும் இரண்டு வளையலும். அடகுக் கடைக்கு அவளே எடுத்துப் போய் வைத்தாள். பவுன் மூவாயிரத்துக்கும் கீழே விற்ற காலம். தம்பிக்கு பூத் வந்தது. அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப் போயின.

பூத் நன்றாகவே ஓடியது. இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால்வாசிதான் என்பதால், பத்தரைக்கே வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுகிறவரின் கண் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களை விட்டு அகலாது. தெருவில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையில் அவன் நம்பரைத்தான் பி.பி. என்று போட்டிருந்தார்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அழைப்பு வந்தால், ‘பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கு ஓடுவான். சாவுச் செய்தியும் அவன் வாயால்தான் வீடுகளுக்குப் போனது. மனைவியிடம் நேரே சொல்லக் கூடாது, பெரியவர் யாரையாவது தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பதை அந்த வயதிலேயே கற்றுக்கொண்டான். 1994-ல் நகையை மீட்டான். மறு வருடம் அக்காவுக்குக் கல்யாணம். அப்போது அவளுக்கு வயது 32.

இந்தியாவில் செல்போன் வந்ததும் அதே 1995-ல்தான். தொடக்கத்தில் வருகிற அழைப்புக்கும் காசு என்பதால் பூத்துக்கு ஆபத்து இல்லை. 2003-ல் இன்கமிங் இலவசமானது. ஒரே வருடத்தில் பூத் வாசல் வெறிச்சோடியது. அதே கடையை ரீசார்ஜ் கடையாக மாற்ற அக்காவின் நகை மறுபடி அடகுக்குப் போனது. இந்தத் தடவை வட்டி கட்ட முடியாமல் மூழ்கிவிட்டது. புகுந்த வீட்டில் அவள் என்ன பேச்சு வாங்கினாள் என்பதை அவள் தம்பியிடம் கடைசிவரை சொல்லவில்லை. பின்னாளில் அவள் நாத்தனார் மூலம்தான் அவனுக்குத் தெரிந்தது.

ரீசார்ஜ் கடையில் வருமானம் குறையக் குறைய ஜெராக்ஸ் மெஷின் போட்டான். 2016-ல் ஜியோ வந்த பிறகு ரீசார்ஜ் கமிஷன் அடியோடு போனது. ஜெராக்ஸ் மட்டும் வாடகைக்குக் காணவில்லை. கடையைக் காலி செய்துவிட்டு லைசென்ஸ் எடுத்து கால் டாக்ஸி ஓட்டப் போனான். இன்றுவரை அதுதான்.

கல், பூத், ரீசார்ஜ், ஜெராக்ஸ், டாக்ஸி. ‘எதிலயும் நிலைக்க மாட்டான்’ என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் ஆத்திரம் வருகிறது. பூத்தை மூடியது அவன் சோம்பலா? பட்டறைகளைப் பூட்டியது அவன் குடியா? காலடியில் தரை நகர்ந்த ஒவ்வொரு முறையும் அவன் அடுத்த வேலையைக் கற்றுக்கொண்டான். அதற்கான முதலை எந்த வங்கியும் தரவில்லை. ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து இறங்கியது. எங்கள் செட்டில் தொழில் மாறிய யாரைக் கேட்டாலும் பின்னால் ஒரு அக்காவோ அம்மாவோ மனைவியோ இருக்கிறாள்.

அந்த அக்கா 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டாள். 58 வயது. மருத்துவமனையிலிருந்து நேரே தகன மேடைக்கு. தம்பி தூரத்தில் நின்று பார்த்தான். 2024 மார்ச்சில் ஒரு பவுன் ஐம்பதாயிரத்தைத் தாண்டிய அன்று எனக்கு போன் செய்தான். “ஆறு பவுனையும் திருப்பிப் போட்டுடணும்னு சீட்டு கட்டிட்டிருந்தேன்டா. இப்ப யாருக்குப் போடுறது?” என்றான். நான் என்ன பதில் சொல்வது?

நாற்பது வருடத்துக்கு மேல் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். தையல் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. அவள் அதில் பதியவில்லை; பதியச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பதிந்திருந்தால் இறப்பு உதவித்தொகையாவது அவள் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும். அவள் போன பிறகுதான் நண்பன் ஓட்டுநர் நல வாரியத்தில் தன் பெயரைப் பதிந்தான்.

1987-ஐ ஒட்டிப் பள்ளியை விட்டவர்களே, நீங்கள் இப்போது அறுபதை நெருங்குகிறீர்கள். பி.எஃப்., பென்ஷன் எதுவும் இல்லாத வேலைகளில் மாறி மாறி உழைத்திருந்தால், அறுபது முடிவதற்குள் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்; அதன் பிறகு சேர முடியாது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோடு உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்களுக்காக நகையைக் கழற்றிக் கொடுத்தவள் தைக்கிறவளாகவோ வீட்டு வேலை செய்கிறவளாகவோ இருந்து, அவளுக்கும் இன்னும் அறுபது ஆகவில்லையென்றால், முதலில் அவளை அழைத்துப் போங்கள்.