கடற்கன்னிக்கு மீசை உண்டா?

மாணவர்களே, மலாய்மொழியில் 'டுயோங்' என்றால் என்ன? கடற்கன்னி என்பீர்கள். கடற்பசுவுக்கும் அதே பெயர்தான். விலங்கும் கதையும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

1493 ஜனவரியில், கரீபியப் பகுதியில் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகக் கொலம்பஸின் பயணக் குறிப்பு சொல்கிறது. படங்களில் வரைவதுபோல் அவை அழகாக இல்லையாம்! அவர் கண்டது கடற்பசுவின் உறவினமான மனாட்டியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

கடற்பசு மீன் அல்ல, பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். முதலில் மூக்குநுனி, பிறகு முதுகு, கடைசியில் பிளவுபட்ட வால். அவ்வளவுதான், மறைந்துவிடும். தாயின் பால்காம்புகள் முன்துடுப்புகளின் அக்குளருகே, ஏறக்குறைய மனிதத் தாய்க்கு உள்ள இடத்தில் இருக்கின்றன. நீருக்குள் மறைந்திருந்த மீதியைக் கற்பனை நிரப்பிக்கொண்டது. முகவாயில் முளைத்திருக்கும் முரட்டு மயிர்களைக் கதைகள் வசதியாக மறந்துவிட்டன!

மிகுபுனைவுக் கதைக்கு, முழுதாகப் பார்த்த விலங்கைவிட அரைகுறையாகப் பார்த்த விலங்கே நல்ல கரு. கால்வாயில் உடும்பின் வால் மட்டும் நழுவி மறைந்ததா? நிறம், ஒலி, வேகம் என்று பார்த்ததை முதலில் குறித்துவையுங்கள். பார்க்காததை அப்புறம் எழுதலாம்.

ஜோகூரின் சிபு, திங்கி தீவுகளைச் சுற்றியுள்ள கடற்புல் திடல்களில் கடற்பசுக்கள் மேய்கின்றன. புல்லை வேரோடு தின்பதால் மணலில் நீண்ட தடம் விழும். வலையில் சிக்கியும் படகு மோதியும் இவ்வினம் குறைந்துவருவதால், விலங்கைவிட அதன் தடத்தைக் காண்பதே எளிது. அந்தத் தடத்தை மட்டும் வைத்து ஒரு கதை எழுதிப் பாருங்களேன்.